தரகு வேண்டும், பொறுப்பு வேண்டாமாம்!

பொள்ளாச்சிச் சந்தையை விடப் பெரிய சந்தை ஒன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது, தோழர்களே! பெண்களானால் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கிறது. செல்போனில் ‘பிளே ஸ்டோர்’ என்று ஒரு முக்கோணப் படம் தெரிகிறதே, அதுதான் அந்தச் சந்தையின் வாசல். பணம் அனுப்பும் ஆப், பஸ் டிக்கெட் ஆப், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆப், கடன் தருகிறேன் என்று வலை வீசும் ஆப், எல்லாம் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

இந்த வாசலுக்கு எஜமானர்கள் யார்? சீனாவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உலகம் பூராவுக்கும் இரண்டே இரண்டு பேர். ஐபோன் வைத்திருப்பவனுக்கு ஆப்பிள் கம்பெனி. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவனுக்குக் கூகுள் கம்பெனி. இரண்டும் அமெரிக்கப் பகாசுரக் கம்பெனிகள். மற்ற கடைகளெல்லாம் இவற்றின் பக்கத்தில் வைத்த பெட்டிக் கடைகள். நம் நாட்டில் நூறு ஸ்மார்ட் போன் இருந்தால் அதில் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டு. ஆகவே நம் ஜனங்களுக்குச் சந்தை எஜமான் கூகுள்தான்.

இந்த எஜமானர்கள் ஒரு பாட்டைப் பல வருஷமாகப் பாடி வருகிறார்கள். “எங்கள் கடையில் கண்ட சரக்கும் நுழைய முடியாது. ஒவ்வொன்றையும் பரிசோதித்துத்தான் வைக்கிறோம். ஏமாற்றுக்காரனை விரட்டுகிறோம். அந்தக் காவலுக்குச் செலவாகிறது. அதற்காகத்தான் தரகு வாங்குகிறோம்.” இதுதான் பாட்டு.

தரம் பார்ப்பது உண்மையானால் சந்தோஷம். நியாயமான காவலுக்கு நியாயமான கூலி கொடுப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் காவல் எந்த லட்சணத்தில் நடக்கிறது? தரகு எந்த வேகத்தில் வசூலாகிறது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பித்தலாட்டம் பளிச்சென்று வெளியே வருகிறது.

நூற்றுக்கு முப்பது!

2008 ஜூலை 10ந் தேதி ஆப்பிள் தன் கடையைத் திறந்தது. அன்று அதில் இருந்தவை சுமார் 500 ஆப்கள். அதே ஆண்டு அக்டோபரில் கூகுளும் கடை போட்டது. அதற்கு ‘பிளே ஸ்டோர்’ என்ற பெயர் 2012ல் வந்தது.

ஆப் எழுதுகிறவன் இந்தக் கடையில் சரக்கு வைக்க முதலில் வாசல் காசு கட்ட வேண்டும். கூகுளுக்கு ஒரு தடவை 25 டாலர். ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர். பிறகு ஆப்புக்குள் பாட்டோ, பாடமோ, விளையாட்டோ விற்றால் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முப்பது ரூபாயைக் கடைக்காரன் முதலில் எடுத்துக்கொள்வான். மீதி எழுபதுதான் உழைத்தவனுக்கு. ஆப்பிள் 2008ல் நிர்ணயித்த விகிதம் இது. வேறு வழியில் பணம் வாங்கக் கூடாது, கடைக்காரனின் கல்லாவில்தான் போட வேண்டும் என்றும் நிபந்தனை.

எந்த மண்டிக்காரன் நூற்றுக்கு முப்பது தரகு கேட்டு ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியும்? வெங்காய மண்டியில் பத்து ரூபாய் பிடித்தாலே விவசாயி வயிறு எரிந்து கத்துகிறான். இங்கே முப்பதைப் பிடித்துவிட்டு, “நாங்கள் இல்லாவிட்டால் உனக்குப் பிழைப்பு ஏது?” என்று கேட்கிறார்கள்.

இவ்வளவு காவல் செலவா ஆகிறது? அமெரிக்காவில் எபிக் என்ற விளையாட்டுக் கம்பெனி ஆப்பிள் மீது 2020ல் வழக்குப் போட்டது. அந்த வழக்கில் சாட்சி சொன்ன கணக்கு நிபுணர், ஆப்பிள் கடையின் லாபம் நூற்றுக்கு 75க்கு மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆப்பிள் மறுத்தது. நீதிபதி யுவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ் 2021 செப்டம்பர் தீர்ப்பில் அந்தக் கணக்கை ஏற்று, லாபம் மிதமிஞ்சியது என்று எழுதினார். ஆக, வசூலில் முக்கால் பங்கு காவலுக்குப் போகவில்லை. எஜமானின் பெட்டிக்குப் போகிறது.

கண்டனம் கிளம்பிய பிறகு, பத்து லட்சம் டாலர் வரை வரும் வருமானத்துக்குத் தரகைப் பதினைந்தாகக் குறைத்தார்கள். ஆப்பிள் 2021 ஜனவரியிலும், கூகுள் 2021 ஜூலையிலும் இதைச் செய்தன. பதினைந்தில் கடை நடத்த முடியுமென்றால், அதற்கு முந்திய பன்னிரண்டு பதிமூன்று வருஷம் சின்ன ஆளிடமிருந்து முப்பது பிடித்தது எந்தக் காவலுக்கு?

பன்னிரண்டு நிமிஷப் பரிசோதனை

சரி, பரிசோதனை எப்படி நடக்கிறது? ஆப்பிள் கம்பெனி தானே சொன்ன கணக்கு இது: பரிசோதகர்கள் சுமார் 500 பேர். வாரத்துக்கு அவர்கள் பார்க்கும் ஆப்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

மில் தொழிலாளிக்கு இந்தக் கணக்கைப் போடக் காகிதம் வேண்டாம். ஒரு ஆளுக்கு வாரத்தில் 200. வாரத்தில் ஐந்து நாள் வேலை என்றால் நாளைக்கு 40. எட்டு மணி நேரத்தில் நாற்பது என்றால் ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிஷம். டீ குடிக்கவும் எழுந்திருக்காமல் இருந்தால்தான் அந்தப் பன்னிரண்டும்! இரண்டு தறி பார்த்தவனை நாலு தறி பார்க்கச் சொன்னால் துணியில் பிசிறு விழும் என்பது நமக்குத் தெரியும். பிசிறு விழுந்தால் அபராதம் தொழிலாளிக்கு. இங்கேயும் அதே கதைதான். ஆளைக் குறைத்து வேலைப்பளுவை ஏற்றி லாபம் பார்ப்பவன் முதலாளி. தவறிப் போன சரக்கால் அடிபடுபவன் வாங்குகிறவன்.

அதன் பலன் என்ன? கடை திறந்த அடுத்த மாதமே, 2008 ஆகஸ்டில், ‘நான் பணக்காரன்’ என்று ஒரு ஆப் ஆப்பிள் கடையில் ஏறியது. விலை 999 டாலர் 99 சென்ட். வாங்கினால் திரையில் ஒரு சிவப்புக் கல் மின்னும். அவ்வளவுதான், வேறு ஒரு வேலையும் அது செய்யாது. எட்டுப் பேர் வாங்கிய பிறகுதான் அதைக் கடையிலிருந்து எடுத்தார்கள். எபிக் வழக்கில் வெளிவந்த ஆப்பிளின் உள் கடிதங்களில் இன்னொரு வேடிக்கை. மோசடித் தடுப்புப் பிரிவின் தலைவரே, தங்கள் பரிசோதனை முறையைத் துப்பாக்கிச் சண்டைக்கு பிளாஸ்டிக் வெண்ணெய்க் கத்தி கொண்டு போவதற்கு ஒப்பிட்டிருந்தார். வெளியே ஜம்பம், உள்ளே இந்த வாக்குமூலம்!

கடையின் மேல்தட்டு யாருக்கு? காசு கொடுத்தவனுக்கு. கூகுள் கடையில் 2015 முதலும், ஆப்பிள் கடையில் 2016 முதலும், நீங்கள் ஒரு பெயரைத் தேடினால் விளம்பரக் காசு கட்டியவன் சரக்கு முதலில் வந்து நிற்கிறது. ‘விளம்பரம்’ என்று சின்ன எழுத்தில் ஒரு சொல் ஓரத்தில் இருக்கும். அதைக் கவனிக்கிறவன் எத்தனை பேர்? அதன் கீழே நட்சத்திரங்கள். அந்த நட்சத்திரங்களையும் காசுக்கு வாங்கும் வியாபாரம் நடக்கிறது. நல்ல சரக்கு எழுதிய ஏழைப் பையன் பத்தாவது பக்கத்தில் கிடக்கிறான்.

கழுத்தை நெரித்த கடன்

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று நினைக்காதீர்கள். நம் வீட்டுக்குள் நுழைந்த கதையைப் பார்ப்போம்.

ஒரு ஸ்பின்னிங் மில் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல். சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள். போனில் ஒரு கடன் ஆப்: ‘ஜாமீன் வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் பணம்’. ஐயாயிரம் கடன் என்று காட்டுவான். ‘புராசசிங் சார்ஜ்’ என்று பிடித்துக்கொண்டு மூவாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும். ஏழாம் நாள் ஐயாயிரத்தையும் முழுசாக வை என்பான். தவறினால்? போனில் உள்ள அத்தனை நம்பர்களையும் படங்களையும் ஆப் ஏற்கனவே உறிஞ்சி எடுத்திருக்கும். அக்காளுக்கு, மைத்துனனுக்கு, மேஸ்திரிக்கு, பள்ளிக்கூட வாத்தியாருக்கு எல்லாம் செய்தி பறக்கும்: ‘இவள் திருடி’. முகத்தை வெட்டி ஆபாசப் படத்தில் ஒட்டி அனுப்புவான். மீட்டர் வட்டிக்காரனுக்காவது ஒரு முகம் இருந்தது. தெருவில் மடக்கிக் கேட்கலாம். இவனுக்கு முகமும் இல்லை, விலாசமும் இல்லை.

இப்படி அவமானப்பட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. 2020 டிசம்பரில் தெலங்கானாவிலும், 2021 ஜனவரியில் சென்னையிலும் போலீஸ் வழக்குகள் வந்தன, ஆட்கள் கைதானார்கள். 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 2021 நவம்பரில் கொடுத்த அறிக்கை என்ன சொன்னது? அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களில் இந்திய ஆண்ட்ராய்டு போன்களுக்கு 80க்கு மேற்பட்ட ஆப் கடைகளில் சுமார் 1,100 கடன் ஆப்கள் இருந்தன. அவற்றில் 600 சட்ட விரோதமானவை. பாதிக்கு மேல்!

கூகுள் என்ன செய்தது? பாராளுமன்றத்தில் சர்க்கார் சொன்ன கணக்குப்படி, 2021 ஏப்ரலிலிருந்து 2022 ஜூலைக்குள் கூகுள் 3,500 முதல் 4,000 கடன் ஆப்களைப் பரிசீலித்து, 2,500க்கு மேல் நீக்கியது. பிறகு 2022 செப்டம்பரிலிருந்து 2023 ஆகஸ்டுக்குள் மேலும் 2,200க்கு மேல் நீக்கியது. ‘பார், எவ்வளவு களை பிடுங்கினோம்!’ என்று மார்தட்டுகிறார்கள். வயலில் 2,500 களையைப் பிடுங்கினேன் என்கிற பண்ணைக் கணக்குப்பிள்ளையிடம் விவசாயத் தொழிலாளி என்ன கேட்பான்? ‘ஐயா, விதை நெல்லைப் புடைத்துப் பார்த்துப் போட்டேன் என்றீரே, இவ்வளவு களை எப்படி வந்தது?’ என்றுதான் கேட்பான். பரிசோதித்துத்தான் வைத்தோம் என்றால் பரிசோதனை பொய். பரிசோதிக்காமல் வைத்தோம் என்றால் தரகுக்குச் சொன்ன காரணம் பொய். இரண்டில் எது என்று அவர்களே சொல்லட்டும்.

கடன் ஆப் ஒருவனின் போன் நம்பர்களையும் படங்களையும் தொடக் கூடாது என்ற விதியைக் கூகுள் கொண்டுவந்தது எப்போது? 2023 மே 31 முதல். அந்த ஒரு வரியை முன்பே எழுதியிருந்தால் எத்தனை குடும்பம் மானத்தோடு இருந்திருக்கும்? பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டத்துக்குக் கடைக்காரன் பதில் சொல்ல வேண்டும் என்ற பேச்சே அங்கே இல்லை.

தரகு நின்றால் கண் திறக்கும்

இப்போது மறு பக்கத்தைப் பாருங்கள். 2024 மார்ச் 1ந் தேதி கூகுள் பத்து இந்தியக் கம்பெனிகள் மீது குற்றம் சொல்லி, ஆப்களைக் கடையிலிருந்து தூக்கியெறியத் தொடங்கியது. சென்னையில் வளர்ந்த பாரத் மேட்ரிமோனி, வேலை தேடும் நௌக்ரி, வீடு தேடும் 99ஏக்கர்ஸ் முதலியவை காணாமல் போயின. என்ன குற்றம்? மோசடி செய்தார்களா? யாருடைய படத்தையாவது வெட்டி ஒட்டினார்களா? இல்லை. கூகுள் கேட்ட தரகைக் கட்டவில்லை. அவ்வளவுதான். ‘மூன்று வருஷத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தோம்’ என்றது கூகுள். அந்தக் கம்பெனிகள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தன; இது காம்பெட்டிஷன் கமிஷன் விசாரிக்க வேண்டிய விஷயம் என்று 2023 ஆகஸ்டில் அவர்கள் மனு தள்ளுபடியானது. சுப்ரீம் கோர்ட்டும் 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. உடனே கத்தி விழுந்தது. மத்திய மந்திரி தலையிட்ட பிறகு, சில நாட்களில் ஆப்கள் திரும்ப வந்தன.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் கொடுக்கும் ஆப்பிடம் கடைக்காரனுக்கு முப்பது சதத் தரகு இல்லை. அது பாட்டு, படம், விளையாட்டு விற்பவனுக்குத்தான். தரகு உள்ள இடத்தில் ஒரு பைசா பாக்கியும் கண்ணில் படுகிறது. பெயர் பெயராகத் தெரிகிறது. தரகு இல்லாத இடத்தில் 600 கள்ளக் கடன்காரர்கள் கடை கடையாக உலவினாலும் கண் தெரியவில்லை. கண் பார்வையில் கோளாறு இல்லை, தோழர்களே! கண் எங்கே திரும்பியிருக்கிறது என்பதுதான் விஷயம். கல்லாப் பெட்டியைக் காக்கும் காவலாளியை ஊர்க் காவலாளி என்று சொல்லி ஊரிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

முதலாளிகள் சண்டை, நமக்கென்ன?

சிலர் கேட்கலாம்: “பாரத் மேட்ரிமோனி முதலாளியும் நௌக்ரி முதலாளியும் நமக்கு மாமனா, மச்சானா? பெரிய சுறா சின்னச் சுறாவைக் கடிக்கிறது. நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?”

அந்த முதலாளிகளுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் தரகுப் பணம் யார் மடியிலிருந்து போகிறது என்று பாருங்கள். 2023 பிப்ரவரியில் ட்விட்டர் கம்பெனி இந்தியாவில் நீல முத்திரைக்கு விலை வைத்தது. இணையத்தில் நேராக வாங்கினால் மாதம் ரூ.650. போன் ஆப்பில் வாங்கினால் ரூ.900. 900ல் முப்பது சதத்தைக் கழித்துப் பாருங்கள்: 630. கணக்குப் புரிகிறதா? கடைக்காரன் தரகு அப்படியே வாங்குகிறவன் தலையில் ஏறுகிறது. ட்விட்டர் முத்திரை நமக்கு வேண்டாம். ஆனால் பிள்ளைக்கு வாங்கும் பாடத்திலும் இதே தரகுதான் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று. இன்று மில் தொழிலாளியின் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான். நெசவாளியின் மகள் ஆப் எழுதுகிறாள். ஒரு வருஷம் கண்விழித்து எழுதிக் கடையில் வைக்கிறாள். ஒரு காலை ‘விதியை மீறினீர்கள், உங்கள் கணக்கு நீக்கப்பட்டது’ என்று ஒரு கடிதம். எந்த விதி? எந்த இடத்தில்? யாரைக் கேட்பது? பதில் எழுதினால் மெஷின் அதே வரியைத் திருப்பி அனுப்புகிறது. மில்லில் ஒருவனை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். அந்த உரிமை வானத்திலிருந்து விழவில்லை. தொழிலாளிகள் அடிபட்டு, சிறை சென்று வாங்கியது. நம் பிள்ளைகள் வேலை செய்யும் புது ஆலையில் அந்த உரிமை கிடையாது. இது நம் விஷயம் இல்லையென்றால் வேறு எது நம் விஷயம்?

வக்காலத்து வாதங்கள்

கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் மூன்று வாதம் வைக்கிறார்கள்.

முதல் வாதம்: ‘அவர்கள் கட்டிய கடை, அவர்கள் இஷ்டம். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ.’ எங்கே போவது? ஊரில் இரண்டே கிணறு. இரண்டும் பண்ணையார் கிணறு. இதில் ‘பிடிக்காவிட்டால் வேறு கிணற்றில் மொண்டுகொள்’ என்பது எகத்தாளம். 2024 பிப்ரவரியில் போன்பே கம்பெனி ‘இண்டஸ்’ என்று ஒரு கடை திறந்தது. போன்பேக்கு எஜமான் யார்? அமெரிக்க வால்மார்ட்! கடைகள் பல இருந்தால் நல்லதுதான். ஆனால் மூன்றாவது கிணற்றுக்கும் இன்னொரு பண்ணையார் என்றால் தண்ணீருக்குச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நிற்கத்தான் செய்யும்.

இரண்டாவது வாதம்: ‘நூற்றுக்கு 97 பேர் தரகே கட்டுவதில்லை. இந்தியாவில் பதினைந்து சதத்துக்கு மேல் கட்டுகிறவர்கள் அறுபதே பேர்.’ 2024ல் கூகுளே இப்படிச் சொன்னது. திருவிழாவுக்கு வரும் கூட்டத்திடம் நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை என்று பெருமைப்படும் கதை இது. கூட்டம் இல்லாமல் கடைத்தெரு ஏது? இலவச ஆப்களை நம்பித்தான் ஜனங்கள் அந்த வாசலுக்குப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் விளம்பரக் காசும் தரகும் வசூலாகின்றன. பணம் வரும் ஆளிடம் மட்டும் பறிப்பதற்குத் தர்மம் என்று பெயரா?

மூன்றாவது வாதம்: ‘கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் திருடன் புகுந்துவிடுவான்.’ ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது! திருடன் புகுந்தது கட்டுப்பாடு முழுக்க இவர்கள் கையில் இருந்தபோதுதான். அது மட்டுமா? இதே பாதுகாப்பைச் சொல்லித்தான், ‘வெளியே விலை மலிவு’ என்று வாடிக்கைக்காரனிடம் சொல்லக்கூட வாய்ப்பூட்டுப் போட்டார்கள். ஸ்பாட்டிபை என்ற பாட்டுக் கம்பெனி புகார் கொடுத்தது. அந்த வாய்ப்பூட்டுக்காக ஐரோப்பிய கமிஷன் 2024 மார்ச் 4ந் தேதி ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. மலிவு விலையை மறைப்பதில் வாடிக்கைக்காரனுக்கு என்ன பாதுகாப்பு?

தட்டிய இடத்தில்தான் இறங்குகிறான்

எஜமானர்கள் தானாக இறங்கி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. சட்டம் தட்டிய இடத்தில்தான் இறங்கினார்கள். முதலில் தட்டியது தென் கொரியா. தங்கள் கல்லாவில்தான் பணம் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2021 ஆகஸ்டில் அங்கே சட்டம் நிறைவேறியது. ஐரோப்பாவின் புதுச் சட்டம் 2024 மார்ச் 7 முதல் இந்தக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தியது. ஜப்பானின் சட்டம் 2025 டிசம்பர் 18 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் ஜூரி ஒருமனதாகக் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2025 நவம்பரில் கூகுள் எபிக்குடன் சமாதானம் பேசித் தரகைக் குறைக்க முன்வந்தது.

ஆனால் சட்டத்தைத் தட்டிக் கழிக்கும் தந்திரத்தையும் பாருங்கள். 2021 தீர்ப்பில் பெரும்பாலான அம்சங்கள் ஆப்பிளுக்குச் சாதகமாகவே போயின. வெளியே பணம் கட்டும் வழியைக் காட்டவிடாமல் தடுக்காதே என்ற ஒன்றில்தான் தோற்றது. 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கைவிட்ட பிறகு ஆப்பிள் என்ன செய்தது? ‘வழி காட்டிக்கொள். ஆனால் வெளியே விற்றாலும் எனக்கு 27 சதம் வை’ என்றது! 2025 ஏப்ரல் 30ந் தேதி அதே நீதிபதி, ஆப்பிள் வேண்டுமென்றே உத்தரவை மீறியது என்று கண்டித்தார். உயர் அதிகாரி ஒருவர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார் என்றும் எழுதினார்.

இந்தியாவில்? காம்பெட்டிஷன் கமிஷன் 2022 அக்டோபரில் பிளே ஸ்டோர் கல்லா நிபந்தனைக்காகக் கூகுளுக்கு ரூ.936.44 கோடி அபராதம் போட்டது. பிறகு கூகுள், ‘வேறு கல்லாவில் வாங்கிக்கொள்’ என்றது. ஆனால் தரகில் நாலே புள்ளிதான் குறைத்தது: 30க்குப் பதில் 26, 15க்குப் பதில் 11. வேறு கல்லாக்காரனுக்கும் கூலி கொடுக்க வேண்டுமே, அதைச் சேர்த்தால் மிச்சம் ஏது? முன் வாசலில் கொடுத்ததைப் பின் வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் அப்பீல் டிரிபியூனல் அபராதத்தையே ரூ.216.69 கோடியாகக் குறைத்துவிட்டது. சர்க்கார் 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது. 2025 முடியும் வரை அது சட்டமாகவில்லை.

பருத்திச் சந்தை சொல்லும் பாடம்

சந்தைக்குச் சட்டம் போடுவது புதுமையா? நம் பாட்டன் காலத்துச் சங்கதி. பருத்தி மூட்டையை வண்டியில் ஏற்றி வந்த விவசாயியிடம் தரகன் ‘சாம்பிள்’ என்று அள்ளினான். மகமை என்று பிடித்தான். கள்ளத் தராசில் நிறுத்தான். அன்றைக்கும் ‘எங்கள் மண்டி, எங்கள் வழக்கம்’ என்றுதான் சொன்னார்கள். 1933ல் சென்னை மாகாணத்தில் வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அமைந்தது. சரியான எடை, தெரிந்த தரகு, கண்ட பிடித்தம் கூடாது, தகராறைத் தீர்க்க ஒரு கமிட்டி என்று விதி வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே பருத்திச் சந்தைக்கு முடிந்த காரியம், சுதந்திர இந்தியாவில் ஆப் சந்தைக்கு முடியாதா?

என்ன வேண்டும்?

நம் கோரிக்கைகள் எளியவை.

1. தரகு வாங்குகிறவன் பொறுப்பேற்க வேண்டும். கடையில் ஏற்றிய மோசடி ஆப்பால் ஒருவர் பணம் இழந்தால், கடைக்காரன் நஷ்ட ஈடு தர வேண்டும்.

2. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற கம்பெனியின் பெயரும் விலாசமும் போன் நம்பரும் தமிழில் தெரியாமல் எந்தக் கடன் ஆப்பும் கடையில் ஏறக் கூடாது. 

3. பணம் எந்த வழியில் கட்டுவது என்பது வாங்குகிறவன் இஷ்டம். மலிவு விலையைச் சொல்ல வாய்ப்பூட்டுக் கூடாது. வெளியே விற்றதற்கும் தரகு கேட்கக் கூடாது.

4. ஒரு ஆப்பை நீக்குவதற்கு முன் காரணம் காட்டி நோட்டீஸ் வேண்டும். கடைக்காரனுக்குக் கட்டுப்படாத அப்பீல் கமிட்டி வேண்டும். ஜனங்களை நாசம் செய்யும் ஆப்பை மட்டும் உடனே நிறுத்தலாம். அதற்கும் பிறகு விசாரணை வேண்டும்.

5. பரிசோதனைக்குப் போதிய ஆட்களை நல்ல சம்பளத்தில் வைக்க வேண்டும். புகாரைத் தமிழில் கேட்டு மனிதன் பதில் சொல்ல வேண்டும்.

6. விளம்பரச் சரக்கைத் தனித் தட்டில், பெரிய எழுத்தில் காட்ட வேண்டும்.

சட்டம் வரும் வரை நாமும் உஷாராக இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் இணையத் தளத்தில் கடன் ஆப்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அது கடன் கம்பெனிகள் கொடுத்த விவரம்தான். ஆனாலும் அந்தப் பட்டியலில் இல்லாத ஆப்பைத் தொடவே தொடாதீர்கள். போன் நம்பர்களையும் படங்களையும் கேட்கும் கடன் ஆப்புக்கு ‘முடியாது’ என்று அழுத்துங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூலையில் உட்காராதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். சங்கத்தில் சொல்லுங்கள். அவமானம் கடன் வாங்கியவனுக்கு இல்லை. கள்ளனைக் கடையில் ஏற்றியவனுக்கும் சும்மா பார்த்துக்கொண்டிருந்த சர்க்காருக்கும்தான்.

மில் வாசலிலும் களத்து மேட்டிலும் இந்தக் கணக்கைப் பேசுங்கள். நூற்றுக்கு முப்பது, பன்னிரண்டு நிமிஷம், 1,100ல் 600. இந்த மூன்று கணக்கும் தெரிந்தவனை எந்த வக்காலத்துக்காரனும் ஏமாற்ற முடியாது. தரகு வாங்கினால் பொறுப்பேற்றுக்கொள்! பொறுப்பேற்க முடியாவிட்டால் தரகை விடு! பருத்திச் சந்தையில் கேட்ட இந்தக் குரல் இனி ஆப் சந்தையிலும் கேட்கட்டும்!